பட்டுத் தெருவில் கிருமிப் பாடம்

கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து மண்டையில் தடியடி வாங்கியவன் நான். அதைவிடச் சிரமமான தொழில் பிள்ளைகளுக்கு சயன்ஸ் சொல்லிக்கொடுப்பது என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். பெற்றவர்கள் யாரும் கேட்காத பாடத்தைத் தொண்டை வற்ற நடத்தி, அதற்கு வசையும் வாங்கிய சக வாத்தியார்கள் சிரிக்க மாட்டீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. என் சயன்ஸ் முழுவதும் துண்டுப் பிரசுரங்களில் படித்தது. ரத்த ஓட்டம் எட்டுப் பக்கம், செடியின் வாழ்க்கை எட்டுப் பக்கம், கிருமிகள் பதினாறு பக்கம். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனபோதும் இவற்றைத்தான் மடியில் முடிந்துகொண்டு போனேன். வெளியே வந்தபோது, எந்தக் கூட்டத்துக்காக அடி வாங்கினேனோ அந்தக் கூட்டத்துக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மேடையில் சலவைச் சட்டைகள் உட்கார்ந்திருந்தன. கீழே நின்று கைதட்ட எனக்கு மனமில்லை. ஊருக்கு வந்துவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில், தெருக்காரர்களே நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் சொல்ல ஆள் தேடினார்கள். மேனேஜர் ஏகாம்பர முதலியார் முதல் நாளே பேசி முடித்துவிட்டார்: "ஒரு வருஷம் பாக்கறேன்பா. எவனாவது என் வாசல்ல வந்து கூவினா, அன்னிக்கே உன் பாடத்த நிறுத்திப்புடணும்."

எனக்கு ஒரு வருஷம் போதும் என்று நினைத்தேன். வைகாசியில் கருட சேவைக்கு ஊர் கொள்ளாத ஜனம் வரும். ஜனம் கலைந்த பிறகு வாந்திபேதி வரும். உற்சவ லீவு முடிந்து ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தால், ஹாஜர் எடுக்கும்போது சில பெயர்களுக்குப் பதில் வராது. வாத்தியார் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். அடுத்த வைகாசிக்குள் இந்தத் தெருவைக் காய்ச்சின தண்ணீர் குடிக்க வைத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பாடம் நிற்காமல் நடக்க வேண்டும்.

புழுவின் எச்சில்

அந்தத் தெருவில் பிறந்த குழந்தை நடக்கப் பழகும் முன்பே பட்டு நூலைத் தொடும். ஆனால் பட்டுப்புழுவை ஒருவரும் கண்டதில்லை. கொள்ளேகாலத்துப் பட்டு நூல் சிட்டம் சிட்டமாக, கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று கேட்பார் இல்லை. முட்டை, புழு, கூடு, பூச்சி என்று கரும்பலகையில் நான்கு படம் போட்டேன். கூட்டுக்குள் உயிரோடு இருப்பதை வெந்நீரில் போட்டுக் கொன்றுதான் நூல் எடுக்கிறார்கள் என்றேன்.

அன்று சாயங்காலம் பச்சையம்மாள் என்ற தறிக்காரர் வீட்டம்மாள் தன் மகள் அமிர்தத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அமிர்தத்துக்குப் பத்து வயது. என் வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்பவள். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த ஐயங்காரிடம், "இது புழு வாயிலேர்ந்து வர்ற எச்சில், சாமி" என்று சொல்லிவிட்டாளாம். பின்னாலேயே ஐயங்காரும் புடவையோடு வந்து நின்றார். நான் விடவில்லை. "பருத்தி செடியில் விளைகிறது. அதைத் தினம் நனைத்து உலர்த்தினால்தான் மடி என்கிறீர். செத்த புழுவின் எச்சிலுக்கு மட்டும் நனைக்கவே வேண்டாமோ?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. புடவையை நிதானமாக அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"புழு செத்தா என்ன, பொழைச்சா என்ன, பட்டுன்னா மடிதான் ஓய். நீர் சொன்னதைக் காதாலே கேட்டுட்டேனே, அதுக்குத்தான் நான் இப்போ ஸ்நானம் பண்ணணும்."

மொச்சைக்கு மெத்தை

விதை முளைப்பதைக் காட்ட, ஆளுக்கு நான்கு மொச்சைக்கொட்டையும் கொஞ்சம் பஞ்சும் கொண்டுவரச் சொன்னேன். எந்த ஊர் வாத்தியாரும் இதைச் சொல்லலாம். அந்தத் தெருவில் சொல்லக்கூடாது. பஞ்சு இருக்கும் வீடு ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? தறிக்குக் கீழே விழுந்து கிடக்கும் கழிவுப் பட்டைப் பொறுக்கி, உருட்டி, தண்ணீரில் நனைத்து, அதன் மேல் மொச்சையை வைத்துக் கொண்டுவந்தார்கள். சிவப்பு, பச்சை, மாம்பழ நிறம். முப்பது கொட்டாங்கச்சிகளில் முப்பது நிறம். ஜன்னலில் வரிசையாக வைத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

கழிவுப் பட்டும் முதலாளியின் சொத்து என்பது எனக்குத் தெரியாது. பாவு நூல் கொடுத்து நெய்ய வைக்கும் முதலாளி ஒருவர் மூன்றாம் நாள் தெருவழியே போகும்போது ஜன்னலைப் பார்த்துவிட்டார். மேனேஜர் வாசலுக்குத்தான் நேரே போகப் பார்த்தார். குறுக்கே விழுந்து, முளை விட்ட மொச்சையோடு முப்பது கொட்டாங்கச்சிகளையும் அவர் காலடியில் வைத்து, பிள்ளைகளின் மேல் குற்றமில்லை, திருடன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஜெயிலில்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை. அவர் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொச்சக்கொட்டைக்குப் பட்டு மெத்தை போட்டுக்கிறியே வாத்தியாரே, எங்க வூட்டு மாப்பிள்ளைக்கே நான் இன்னும் போடலியே!"

மூச்சு

எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடித் தம்ளரால் மூடினால் அணைந்துவிடும். காற்றில் எரிய உதவும் பாகம் ஒன்று உண்டு. அதே பாகம்தான் நம் மூச்சுக்கும் வேண்டும். இதை விளக்கி, எல்லோரையும் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். முப்பது பிள்ளைகளும் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பண்டிதர் வகுப்பு. இந்தப் பக்கம் சத்தமே இல்லாததைக் கண்டு எட்டிப் பார்த்தார். உலகத்தில் எழுதவேண்டியதை எல்லாம் பழைய ஆட்கள் எழுதி முடித்துவிட்டார்கள் என்ற நிம்மதியில் இருப்பவர். நான் விளக்கத்தை முதலிலிருந்து அவருக்காக ஒரு தடவை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்:

"மூச்சு வுடறதுக்கும் பாடமா? அம்பத்தஞ்சு வருஷமா நான் பரீட்சை எழுதாமலே வுட்டுக்கினு இருக்கறேன்பா."

காய்ச்சத் தெரிந்த தெரு

மாசி மாதம் கிருமிகளுக்கு வந்தேன். பதினாறு பக்கத்தையும் பதினாறு நாள் நடத்தினேன். வாந்திபேதிக் கிருமி தண்ணீரில் வருகிறது. தண்ணீர் கொதித்தால் அது சாகிறது. இந்த இரண்டு வரியைப் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். வீட்டில் போய்த் தினம் ஒரு பானை காய்ச்ச வேண்டும் என்றேன். முப்பது பேரில் அமிர்தம் ஒருத்திதான் செய்தாள். மற்ற வீடுகளில், அடுப்பு சோறு வடிக்கவே போதவில்லை என்றார்கள்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தண்ணீர் காய்ச்சுவது அந்தத் தெருவுக்குத் தெரியாத வித்தை அல்ல. சாயக்காரர் ரங்கய்யா தினம் விடியும்போதே பெரிய செப்பு அண்டாவில் தண்ணீரைத் தெளிய வைத்து, வடிகட்டி, தளதளவென்று கொதிக்க விடுவார். சவுக்காரம் போட்டுப் பட்டை அதில் வேகவைத்தால்தான் பசை போய்ப் பளபளப்பு வரும். கலங்கின தண்ணீர் ஒரு சொட்டு அதில் விழுந்தால் உதவியாளின் காதைத் திருகுவார். அவரிடம் போய், "பட்டுக்குச் செய்கிற மரியாதையை உம் பிள்ளைகளின் வயிற்றுக்கும் செய்யக்கூடாதா? காலையில் ஒரு அண்டா கூடுதலாகக் காய்ச்சினால் அரைத் தெருவுக்குக் காணுமே" என்றேன். அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்:

"பட்டு கெட்டா மொதலாளி வந்து கழுத்தப் புடிப்பான், வாத்தியாரே. புள்ளைக்கு சீக்கு வந்தா என்னை வந்து கேக்கறவன் எவன் இருக்கான்?"

நயினாரின் கண்ணாடி

கண்ணால் கண்டால் நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றியது. பிரசுரத்தில் தெளிவாக எழுதியிருந்தது: கிருமிகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். எந்தக் கண்ணாடியில் என்று எழுதவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. திருப்பருத்திக்குன்றத்தில் நயினார் என்று ஊர் அழைக்கும் ஒரு ஜைனப் பெரியவரிடம் குழாய் வைத்த பித்தளைக் கண்ணாடி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு நடந்தேன். சென்னையில் யாரோ துரை விற்றுவிட்டுப் போனதாம். அவர் அதை வாங்கிய காரணத்தைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அரிசியிலும் மாவிலும் தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதாவது இருந்தால், தெரியாமல் அதைக் கொன்றுவிடக்கூடாது என்பதற்காக.

நான் கிருமிகளைக் கொல்ல வந்தவன். அவர் காப்பாற்ற உட்கார்ந்திருப்பவர். ஆனாலும் கண்ணாடியைப் பருத்தித் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். எல்லோரும் பார்க்கட்டும், நல்லதுதான் என்றார். நான் படியிறங்கும்போது கூப்பிட்டு ஒன்று சொன்னார். தன் பொருளைப் பற்றி அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

"அது பெரிசாக் காட்டும் வாத்தியாரே, எல்லாத்தையும் காட்டாது. அதுல ஒண்ணும் தெரியலன்னாலும் நான் துணியில வடிகட்டாம குடிக்கறதில்ல."

ஒரு சொட்டுத் தண்ணீர்

சித்திரைக் கடைசியில், வெயில் நன்றாக இருந்த ஒரு பகலில், தெருக்கிணற்றுக்குப் பக்கத்தில் மேஜை போட்டேன். தெருவில் பாவு நூல் விரித்திருந்தவர்கள்கூடச் சுருட்டி வைத்துவிட்டு வந்தார்கள். குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டை வைத்தேன். உள்ளே வால் வைத்ததும் கால் வைத்ததுமாக நெளிந்தன. பார்த்த பெண்கள் அலறினார்கள். ஒரு கிழவர் மூன்று தடவை துப்பினார். "இதைத்தான் குடிக்கிறீர்கள்!" என்று கத்தினேன். பத்து வருஷத்துக்கு முன்னால் மேடையில் இருந்த குரல் திரும்பி வந்துவிட்டது.

பச்சையம்மாள் முன்னால் வந்து, "கொளத்துத் தண்ணிய வுடு. எங்க கெணத்துத் தண்ணியப் பாரு வாத்தியாரே" என்றாள். கிணற்றுச் சொட்டை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வெறும் வெளிச்சம். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, ஒன்றுமே இல்லை என்று சொல்லிச் சொல்லி நகர்ந்தார்கள். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது, "இருந்தாலும் காய்ச்சுங்கள்" என்ற இரண்டு சொல். அதைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஒரு கூட்டம் கைதட்டி எத்தனை வருஷம் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. நான் கையை உயர்த்தி, "இந்தத் தெருத் தண்ணீர் சுத்தம்!" என்றேன். யாரோ என் தோளில் துண்டு போட்டார். மேனேஜர் ஏகாம்பர முதலியார் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"உன் சயன்ஸ் இன்னிக்குத்தான்பா உருப்படியா ஒரு வார்த்த சொல்லுச்சு."

சிவப்பு மருந்து

மறுநாள் வகுப்பில் அமிர்தம் எழுந்து நின்றாள். "எங்க அம்மா காய்ச்ச வேணாம்ன்னுது சார். நம்ம கெணத்துலதான் ஒண்ணும் இல்லியே. இனிமே காய்ச்ச வேணாமா சார்?" என்று கேட்டாள். காய்ச்சினால் நல்லதுதான் என்று இழுத்தேன். காய்ச்சியே ஆக வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், நேற்று சொன்னது பொய்யா என்று தெரு கேட்கும். அந்த மாதம் முழுவதும் என் வீட்டுப் பானையில் மட்டும் காய்ச்சின தண்ணீர் இருந்தது. வழக்கத்தை எதற்கு மாற்றுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உற்சவத்துக்கு ஒரு வாரம் முன்னால் முனிசிபாலிட்டி ஆள் ஒருவன் வாளியும் கையுமாக வந்தான். கிணறுகளில் போடும் சிவப்பு மருந்து. தண்ணீர் ரோஜா நிறமாகிவிடும், கிருமி செத்துவிடும். அதைப் பற்றியும் என் பிரசுரத்தில் அரைப் பக்கம் உண்டு. ரங்கய்யா கிணற்றின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். இந்தத் தண்ணீரில் அலசின பட்டு கறை பிடித்தால் யார் ஜவாப் சொல்வது என்று ஆரம்பித்தவர், என்னைக் கண்டதும் பேச்சை மாற்றிக்கொண்டார். முனிசிபாலிட்டி ஆளும் என் முகத்தைத்தான் பார்த்தான். படித்தவன், மருந்தைப் போடச் சொல்வான் என்று எதிர்பார்த்தான் பாவம். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் ரங்கய்யாவின் குரல் கேட்டது:

"எங்க வாத்தியார் கண்ணால பாத்த கெணறுபா இது. உன் செவப்பு மருந்த வேற தெருவுல போய்க் கொட்டு."

பச்சையம்மாள் வீட்டில்

உற்சவம் வந்தது. ஜனம் வந்தது. எங்கள் தெருவில் அந்த வருஷம் முதல் தடவையாகத் தண்ணீர்ப்பந்தல் போட்டார்கள், சுத்தமான தண்ணீர் நம்மிடம்தான் இருக்கிறது என்ற பெருமையில். வெளியூர் ஆட்கள் கிணற்றடியிலேயே குளித்தார்கள், துவைத்தார்கள், அவரவர் செம்பைக் கயிற்றில் கட்டி விட்டு மொண்டார்கள். கிருமி முன்பே அதில் இருந்ததா, அவர்களோடு வந்ததா, எனக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடியில் அது எந்த நாளிலும் தெரிந்திருக்காது என்பதை மட்டும் பிற்பாடு ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது அத்தனை சிறியதாம். குளத்தில் நெளிந்தவை வேறு ஜாதி. அவற்றால் ஒருவருக்கும் வாந்திபேதி வராதாம்.

கொடி இறங்கி நான்காம் நாள் ஆரம்பித்தது. ரங்கய்யாவின் கடைசிப் பையன் போனான். பந்தலில் தண்ணீர் ஊற்றின கிழவர் போனார். அமிர்தம் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருந்தாள். நான் போனபோது அவள் கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு மேனேஜரிடம் போய், பாடத்தை நிறுத்திவிடுங்கள் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். வாசலில் வந்து ஒருவரும் கூவவில்லையே, ஆத்தாள் இறங்கினதுக்கு உன் பாடம் என்ன செய்யும், அடுத்த வருஷமும் நீதான் என்றார். அங்கிருந்து நேரே பச்சையம்மாள் வீட்டுக்குப் போனேன். தறி ஓடவில்லை. கூரையில் வேப்பிலை செருகியிருந்தது. அவள் தறிக்குழியின் ஓரத்தில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கண்ணாடிக்கு அந்தக் கிருமி தெரியாது என்றேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னேன் என்றேன். மருந்து போட வந்தவனைத் திருப்பி அனுப்பியபோது பேசாமல் இருந்தேன் என்றேன். என் வீட்டில் காய்ச்சின தண்ணீர் இருந்தது என்பதையும் சொன்னேன். அவள் எழுந்து என் முகத்தில் துப்பினால் தேவலை என்று இருந்தது. அவள் என்னைச் சமாதானம் செய்ய ஆரம்பித்தாள்.

"உன் மேல இன்னா இருக்குது வாத்தியாரே? கெணத்துல ஒண்ணும் இல்லன்னு நீயே கண்ணால பாத்துச் சொன்னே, நானும் பாத்தேன். தண்ணியில ஒண்ணும் இல்லன்னா, அப்புறம் ஆத்தா வராம வேற யாரு வந்தா?"

எவ்வளவு சொன்னாலும் ஊர் நம்பமாட்டேன் என்கிறதே என்று புலம்புகிற சக வாத்தியார்களே, நம்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.